பென்சனில் மனைவிக்குப் பங்கு உண்டா? ஒரு சட்ட வரலாறு

திருமங்கலம் பக்கத்துக் கிராமங்களில் பழைய ஆட்கள் 'விவாகரத்து' என்று சொல்ல மாட்டார்கள். 'அத்துவிட்டாச்சு' அல்லது 'தீத்துவிட்டாச்சு' என்பார்கள். ஊர்ப் பெரியவர்கள் மந்தையில் உட்கார்ந்து இரண்டு வீட்டாரையும் வைத்துப் பேசுவார்கள். பெண் வீட்டார் போட்ட நகை எவ்வளவு, கொடுத்த பாத்திரம் பண்டம் என்ன, கல்யாணச் செலவு யாருடையது என்று கணக்குப் பார்ப்பார்கள். திருப்பிக் கொடுக்க வேண்டியதைக் கொடுத்ததும் உறவு முடிந்தது. இப்படி வழக்கத்தில் இருக்கும் மணமுறிவை 1955ஆம் வருட இந்து திருமணச் சட்டமும் தன் 29ஆம் பிரிவில் செல்லும் என்று ஏற்றுக்கொண்டது.

அந்தக் கணக்கில் இருந்ததெல்லாம் கண்ணுக்குத் தெரியும் பொருள்கள். வண்டியில் ஏற்றலாம், தராசில் நிறுக்கலாம். ஆனால் மதுரைச் சுற்று வட்டாரத்தில் மில் வேலை, ரயில்வே வேலை, வாத்தியார் வேலை என்று மாதச் சம்பளம் வந்த பிறகு புதிதாக ஒரு சொத்தும் வந்தது. அதுதான் பி.எஃப்., கிராஜுவிட்டி, பென்சன். இன்று உழைத்து, வயதான பிறகு வாங்கும் பணம். தம்பதி பிரிந்தால் இதில் மனைவிக்கு என்ன?

சுருக்கமான பதில்: பங்கு என்று எதுவும் இல்லை. ஏன் இல்லை என்பதற்குப் பின்னால் ஒரு சுவாரசியமான வரலாறு இருக்கிறது!

வட்டிக்காரருக்குப் போட்ட வேலி

வெள்ளைக்காரர் காலத்தில் 1871ல் ஓய்வூதியச் சட்டம் வந்தது. அரசு கொடுக்கும் பென்சனைக் கடன் கொடுத்தவர் ஜப்தி செய்ய முடியாது என்றது அதன் 11ஆம் பிரிவு. பின்னால் வரப்போகும் பென்சனை முன்கூட்டியே அடுத்தவருக்கு எழுதிக் கொடுத்தாலும் செல்லாது என்றது 12ஆம் பிரிவு. 1908ஆம் வருட சிவில் நடைமுறைச் சட்டத்தின் 60ஆம் பிரிவும் பென்சனையும் கிராஜுவிட்டியையும் ஜப்திக்கு வெளியே வைத்தது.

சுதந்திரத்துக்குப் பிறகு இதே வேலி தனியார் தொழிலாளிக்கும் வந்தது. 1952ஆம் வருட பி.எஃப். சட்டம் முதலில் 6 தொழில்களுக்குத்தான் பொருந்தியது. அதில் ஜவுளியும் ஒன்று என்பதால் மதுரை மில் தொழிலாளிக்கும் பி.எஃப். உரிமை வந்தது. அந்தப் பணத்தையும் ஜப்தி செய்ய முடியாது என்றது அச்சட்டத்தின் 10ஆம் பிரிவு. 1972ஆம் வருட கிராஜுவிட்டி சட்டமும் அப்படியே. வயதான காலத்தில் ஒருவர் கடனால் தெருவுக்கு வரக்கூடாது என்ற நல்ல நோக்கம்தான். குறை சொல்ல முடியாது.

வேலிக்கு வெளியே நின்றவர்

இந்தச் சட்டங்களை எழுதியபோது விவாகரத்து ஒரு பெரிய விஷயமாகவே இல்லை. சென்னை மாகாணத்தில் இந்துக்களுக்கு மணமுறிவைத் தந்த சட்டம் 1949ல்தான் வந்தது. நாடு முழுவதற்குமான சட்டம் 1955ல். அதன் 25ஆம் பிரிவு ஜீவனாம்சம் கொடுக்கச் சொன்னது. 27ஆம் பிரிவு, கல்யாணத்தின்போது இருவருக்கும் பொதுவாகக் கொடுத்த பொருள்களைப் பற்றிப் பேசியது. அதாவது மந்தையில் பேசிய அதே நகை, பாத்திரக் கணக்கு! கல்யாணத்துக்குப் பின் சேர்ந்த பி.எஃப்., பென்சனைப் பாகம் பிரிக்க வழி சொல்லவில்லை.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். சம்பளத்தை ஜப்தி செய்வதில் சட்டம் மனைவியைத் தனியாகப் பார்க்கிறது. சாதாரணக் கடனுக்கு என்றால் சம்பளத்தில் முதல் 1,000 ரூபாயையும் மீதியில் மூன்றில் இரண்டு பங்கையும் தொட முடியாது. ஜீவனாம்சத்துக்கு என்றால் மூன்றில் ஒரு பங்குக்கு மட்டுமே பாதுகாப்பு. கடன் வேறு, மனைவியின் சாப்பாடு வேறு என்று சட்டத்துக்கே தெரிந்திருக்கிறது. ஆனால் பென்சனுக்கு இப்படி ஒரு தனி விதி எழுதப்படவில்லை.

அந்த இடைவெளியை நீதிமன்றங்கள்தான் அடைக்க வேண்டியிருந்தது. மனைவி 'கடன் கொடுத்தவர்' அல்ல, ஆகவே ஜீவனாம்சத்துக்காகப் பென்சனை ஜப்தி செய்யலாம் என்று 2018ல் பம்பாய் உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் கிளை சொன்னது. நல்ல தீர்ப்புதான். ஆனாலும் அது ஜீவனாம்சம், பங்கு அல்ல. தேவையைப் பார்த்துக் கொடுப்பது ஜீவனாம்சம். உழைப்பைப் பார்த்துக் கொடுப்பது பங்கு. முன்னாள் கணவர் இறந்தால் இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும். விவாகரத்தான மனைவிக்குக் குடும்ப ஓய்வூதியம் கிடையாது. 25 வருடம் சமைத்துப் போட்டு, பிள்ளைகளை வளர்த்திருந்தாலும் கிடையாது.

மற்ற நாடுகளில்

மேற்கு ஜெர்மனியில் 1977லிருந்து, மணவாழ்க்கையில் இருவரும் சேர்த்த ஓய்வூதிய உரிமைகளைக் கூட்டிச் சமமாகப் பிரித்தார்கள். அமெரிக்காவில் 1976ல் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம், இன்னும் கைக்கு வராத பென்சனும் தம்பதியின் பொதுச் சொத்துதான் என்றது. தனியார் நிறுவனங்களின் பென்சன் நிதியிலிருந்து முன்னாள் மனைவிக்கு நேரடியாகப் பங்கு போக 1984ல் அங்கே மத்திய சட்டம் வழி செய்தது. பிரிட்டனில் 1999ல் சட்டம் வந்து, 2000 டிசம்பரிலிருந்து நடைமுறைக்கு வந்தது.

கலிபோர்னியா போன்ற இடங்களில் பிரிக்கும் கணக்கு எளிது. 30 வருட சர்வீசில் 25 வருடம் மணவாழ்க்கை, பென்சன் 30,000 என்று வைத்துக்கொள்வோம். 25/30 பங்கு 25,000. அதில் பாதி 12,500 மனைவிக்கு. அவ்வளவுதான்!

இந்தியாவில் வருமா?

இதற்கான அடிப்படை இங்கேயே இருக்கிறது. 1982 டிசம்பர் 17ல் நகாரா வழக்கில் உச்ச நீதிமன்றம், பென்சன் என்பது அரசு பார்த்துப் போடும் இனாம் அல்ல, செய்த வேலைக்குத் தள்ளிக் கொடுக்கப்படும் ஊதியம் என்றது. 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி, வீட்டைக் கவனித்த மனைவியின் உழைப்பும் சொத்து வாங்க உதவியதுதான் என்று சொல்லி, கணவர் சம்பாத்தியத்தில் வாங்கிய சொத்தில் பாதிப் பங்கு கொடுத்தார். அது விவாகரத்து வழக்கு அல்ல, பென்சன் பற்றியதும் அல்ல. ஆனால் இரண்டு தீர்ப்பையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பென்சன் ஊதியம் என்றால், அந்த ஊதியத்தில் வீட்டுக்காரியின் உழைப்பும் இருக்கிறது என்றால், மிச்சத்தைச் சொல்லவா வேண்டும்?

சட்டம் போட வேண்டியது நாடாளுமன்றம். மணமுறிவின்போது கணவன் சொத்திலிருந்து மனைவிக்குக் கிடைக்க வழி செய்யும் ஒரு மசோதா 2013 ஆகஸ்டில் மாநிலங்களவையில் நிறைவேறியது. மக்களவையில் நிறைவேறாமல் 2014ல் காலாவதியானது.

அதுவரை ஒரு வழிதான். பரஸ்பர சம்மதத்தில் பிரிகிறவர்கள், பேச்சுவார்த்தையிலேயே பி.எஃப்., கிராஜுவிட்டி, பென்சன் எவ்வளவு என்று கேட்டு, அதற்கு ஈடாக ஒரு மொத்தத் தொகையை எழுதி வாங்கலாம். அன்று மந்தையில் பாத்திரத்தை எண்ணியவர்கள் ஒரு கரண்டியைக்கூட விட்டுவிட மாட்டார்கள். இன்று குடும்ப நீதிமன்ற வாசலில் நிற்கும் பெண், பி.எஃப். கணக்கையும் அதே போல எண்ணிப் பார்க்க வேண்டும்.