நிலைபொருள் புதுப்பிப்பும் காணாமற்போன நினைவகமும் (2001)

கணினியை இயக்கியவுடன், இயக்கு தளத்துக்கும் முன்பாக ஓடும் நிரலே நிலைபொருள். செருகப்பட்டுள்ள நினைவகத்தை முதலில் அடையாளம் காண்பதும் அதுவே. ஆகவே அதைப் புதுப்பிக்கும்போது, நேற்றுவரை இயங்கிய நினைவகம் இன்று மறுக்கப்படலாம். 2001இல் ஆப்பிள் கணினிகளில் நிகழ்ந்தது இதுதான்.

அவ்வாண்டு மார்ச் 24 அன்று மேக் ஓஎஸ் எக்ஸ் வெளியானது. அதற்கு 128 மெகாபைட் நினைவகம் தேவைப்பட்டது. அப்போது பயன்பாட்டில் இருந்த ஐமேக், ஐபுக் கணினிகள் பல 64 மெகாபைட்டுடன் விற்கப்பட்டவை. எனவே பலர் பிற நிறுவனங்களின் மலிவான நினைவகப் பலகைகளை வாங்கிப் பொருத்தினர். அதே காலத்தில் ஆப்பிள் 4.1.7, 4.1.8 ஆகிய நிலைபொருள் பதிப்புகளை வெளியிட்டது. அவற்றை நிறுவிய சிலரின் கணினியில், கூடுதலாகப் பொருத்திய நினைவகம் கணக்கிலேயே வரவில்லை. 64 மெகாபைட் உள்ளமைந்த ஐபுக்கில் 128 மெகாபைட் பலகையைச் சேர்த்தவருக்கு மீண்டும் 64 மட்டுமே மிஞ்சியது; புதிய இயக்கு தளத்துக்கு அது போதாது.

காரணம் பலகையில் இருந்த ஒரு சிறு சில்லு. எஸ்.பி.டி. எனப்படும் 256 பைட் கொண்ட அச்சில்லில், பலகையின் கொள்ளளவும் வேகமும், தரவைக் கேட்டபின் எத்தனை துடிப்புகள் காத்திருக்க வேண்டும் என்ற காஸ் தாமதமும் பதிந்திருக்கும். நிலைபொருள் இவற்றைப் படித்தே நினைவகக் கட்டுப்பாட்டுச் சுற்றை அமைக்கிறது. சில பலகைகளில் இம்மதிப்புகள் விவரக்குறிப்புக்குப் பொருந்தவில்லை. பழைய நிலைபொருள் அதைப் பொருட்படுத்தவில்லை. புதியது அப்பலகைகளை முடக்கியது. கணினியின் நிலைத்தன்மைக்காகவே இச்சோதனை என்பது ஆப்பிளின் விளக்கம். பொருந்தாத கால அளவுடன் ஓடும் நினைவகம் எப்போது தரவைச் சிதைக்கும் என்று சொல்ல முடியாதாகையால், இவ்விளக்கத்தைத் தள்ளிவிட இயலாது. ஆனால் நிறுவும் முன் பயனரை எச்சரிக்காமல் விட்டதற்கு அது பதிலாகாது.

பலகை பழுதாகிவிட்டது என்றே பலரும் முதலில் எண்ணினர். அதே பலகையைப் புதுப்பிக்காத மற்றொரு கணினியில் செருகிப் பார்த்தால் உண்மை விளங்கும்: அங்கே அது இயங்கும். புதுப்பிப்புக்கு முன்னும் பின்னும் மொத்த நினைவக அளவை ஒப்பிடுவதும், பலகைகளை ஒவ்வொன்றாகச் செருகிச் சோதிப்பதும் எது மறுக்கப்பட்டது என்பதைக் காட்டின. விரைவிலேயே டிம் ஃபர்ஸ்ட் எய்ட் என்ற சிறு மென்பொருளும் கிடைத்தது. ஆப்பிளுக்கு வெளியே எழுதப்பட்ட இது, பலகை புதிய சோதனையில் தேறுமா என்று முன்கூட்டியே சொன்னது. முடக்கப்பட்ட சில பலகைகளை மீட்கவும் செய்தது. மற்றவர்கள் விற்பனையாளரிடம் மாற்றுப் பலகை கேட்க வேண்டியிருந்தது.

பதினாறு ஆண்டுகளுக்குப் பின் இதன் நேரெதிர் நடந்தது. 2017இல் ஏஎம்டியின் ரைசன் செயலிகள் வெளிவந்தபோது, பல நினைவகப் பலகைகள் தமக்குக் குறிக்கப்பட்ட வேகத்தில் இயங்க மறுத்தன. அவ்வாண்டு மே மாதத்தில் ஏஎம்டி அறிவித்த நிலைபொருள் புதுப்பிப்பு, நினைவகத்துக்கான அமைப்புகளைப் பெருமளவில் திறந்துவிட்டு, அவற்றுள் பலவற்றை இயங்க வைத்தது.