தண்ணீர்ப் பீப்பாயில் பிறந்த வதந்தி

வதந்திக்கு ஆங்கிலத்தில் சொற்கள் பல. ரூமர், காசிப் எல்லோருக்கும் தெரிந்தவை. 'ஸ்கட்டில்பட்' என்று இன்னொரு சொல்லும் உண்டு. அது பிறந்த இடம் ஒரு தண்ணீர்ப் பீப்பாய் என்றால் நம்ப முடிகிறதா?

பாய்மரக் கப்பல்களில் குடிதண்ணீரைப் பெரிய மரப் பீப்பாய்களில்தான் வைத்திருப்பார்கள். அந்தப் பீப்பாய்க்குப் பெயர் 'பட்'. 'ஸ்கட்டில்' என்றால் துளை போடுவது. மாலுமிகள் மொண்டு குடிக்க வசதியாகத் துளை போட்டு வைத்த பீப்பாய்தான் ஸ்கட்டில்பட். வேலைக்கு நடுவே நாலு பேர் சேர்ந்து நிற்க முடிந்த இடம் அது. அடுத்து எந்தத் துறைமுகம், கேப்டன் ஏன் கோபமாக இருக்கிறார் என்பதெல்லாம் அங்கேதான் அலசப்படும். நம்ம ஊர் குழாயடி மாதிரி! 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கக் கடற்படையில் பீப்பாயின் பெயரே வதந்திக்கும் பெயராகிவிட்டது. இன்றும் அங்கே குடிநீர்க் குழாய்க்கு ஸ்கட்டில்பட் என்றுதான் பெயர்.

இதே கதை ஆஸ்திரேலியாவிலும் நடந்திருக்கிறது. ஜான் ஃபர்ஃபி என்பவர் விக்டோரியா மாநிலத்தின் ஷெப்பர்ட்டன் ஊரில் தண்ணீர் வண்டிகள் செய்தார். வண்டியின் மேல் 'ஃபர்ஃபி' என்று பெரிதாக எழுதியிருக்கும். முதல் உலகப் போரில் (1914-18) அவை ராணுவ முகாம்களுக்குத் தண்ணீர் கொண்டு போயின. வண்டியைச் சுற்றி வீரர்கள் பேசிய ஆதாரமில்லாத செய்திகளுக்கு ஃபர்ஃபி என்றே பெயர் வந்துவிட்டது.

மாலுமிக்கும் சிப்பாய்க்கும் ஓர் ஒற்றுமை. மேலிடத்திலிருந்து உத்தரவு வரும், காரணம் வராது. ஆனால் போகப்போவது இவர்களுடைய உயிர். உண்மையைச் சொல்ல ஆளில்லாதபோது கிடைத்ததைப் பேசாமல் என்ன செய்வார்கள்?

இந்தப் பேச்சுக்கும் மதிப்பு உண்டு என்றார் அமெரிக்க முதலீட்டாளர் ஃபிலிப் ஃபிஷர். 1958-ல் வெளிவந்த பங்கு முதலீடு பற்றிய புத்தகத்தில், தன் வழிமுறை ஒன்றுக்கு அவர் வைத்த பெயரே ஸ்கட்டில்பட்! ஒரு கம்பெனியின் பங்கை வாங்கும் முன் அதன் வாடிக்கையாளர்கள், சரக்கு கொடுப்பவர்கள், போட்டியாளர்கள், முன்னாள் ஊழியர்கள் எனப் பலரிடமும் விசாரிக்கச் சொன்னார். வேலையை விட்டவருக்கு மனக்கசப்பு இருக்கலாம், அதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்றும் எச்சரித்தார்.

காதில் விழுந்த செய்தியை நாலு இடத்தில் விசாரித்தால் அது தகவல். விசாரிக்காமல் நாலு பேருக்குச் சொன்னால் அது வதந்தி. 'டிப்ஸ்' கேட்டுப் பங்கு வாங்கிப் பணத்தை விடுபவர்கள் முதலில் படிக்க வேண்டிய பாடம் இது.