பெயரும் முகமும்

எங்கள் அம்பத்தூர் வீட்டுக் கூடத்தில் சங்கீத மும்மூர்த்திகளின் படம் ஒன்று மாட்டியிருக்கிறது. என் தாயார் காலத்துப் படம். சட்டத்துக்குள் ஈரம் ஏறி, ஒரு மூலையில் பழுப்புக் கறை படிந்துவிட்டது. இருந்தாலும் அதைக் கழற்ற எனக்கு மனம் வரவில்லை.

மாடியில் குடியிருப்பவர்களின் பையன், ஏழாவது வகுப்புப் படிக்கிறவன், சென்ற நவராத்திரியில் கொலுப் பார்க்க வந்தான். சுண்டலை வாங்கிக்கொண்டு, கொலுவைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தான்.

"மாமா, இது போட்டோவைப் பார்த்து வரைஞ்சதா?"

"இல்லைடா. அவங்க காலத்துல இங்கே போட்டோ ஏது?"

"அப்போ மூஞ்சி இப்படித்தான் இருந்துதுன்னு எப்படித் தெரியும்?"

தெரியாது என்று ஒப்புக்கொள்வதில் கதை எழுதுகிறவனுக்கு எப்போதுமே கொஞ்சம் கூச்சம் உண்டு. "இன்னும் கொஞ்சம் சுண்டல் வாங்கிக்கோ" என்று பேச்சை மாற்றினேன். பையன் போய்விட்டான். கேள்வி மட்டும் போகவில்லை.

ஆடிப் பாடிப் பிழைத்தவர்களின் முகங்கள் நமக்கு எப்படி வந்து சேர்ந்தன? யோசித்துப் பார்த்தால் இது விசித்திரமான சரித்திரம். ராஜாக்களின் முகம் நாணயத்தில் இருக்கிறது. தெய்வத்தின் முகம் கருவறையில் இருக்கிறது. பாட்டுக்காரனும் ஆட்டக்காரியும் தங்கள் கலையைக் காற்றிலே எழுதிவிட்டுப் போகிறவர்கள். அவர்கள் முகத்தை யாராவது பிடித்து வைத்தால்தான் உண்டு.

தஞ்சாவூரிலிருந்து தொடங்குகிறேன். பெரிய கோயிலைக் கட்டிய ராஜராஜ சோழன், தன் ஆட்சியின் 29-ஆவது ஆண்டில், அதாவது 1014-ஆம் வருஷத்தை ஒட்டி, ஒரு நீண்ட கல்வெட்டு வெட்டுவித்தான். சோழ தேசத்துக் கோயில்கள் பலவற்றிலிருந்து அவன் 400 ஆடல் பெண்களைத் தஞ்சைக்கு அழைத்து வந்து, கோயிலைச் சுற்றித் தெருக்கள் அமைத்துக் குடியேற்றினான். அந்த 400 பேருடைய ஜாபிதாதான் அந்தக் கல்வெட்டு. எந்தத் தெரு, தெருவில் எந்தச் சிறகு, எத்தனையாவது வீடு, பெண்ணின் பெயர் என்ன, முன்பு எந்த ஊர்க் கோயிலில் இருந்தாள் என்று ஒவ்வொன்றும் அதில் இருக்கிறது. ஒவ்வொருத்திக்கும் வருஷத்துக்கு நூறு கலம் நெல் வரும்படியுள்ள ஒரு பங்கு. அவள் இறந்துபோனால் அந்தப் பங்கு யாருக்குப் போகவேண்டும் என்பதற்குக்கூட விதி உண்டு. இன்றைக்கு நம் வீட்டு வாசலில் வந்து நிற்கும் ஜனத்தொகைக் கணக்கெடுப்புக்காரர்கூட இவ்வளவு சிரத்தையாக எழுதிக்கொள்ளமாட்டார்.

பெயர்கள்தாம் எத்தனை அழகு! அவற்றுள் ஒரு பெயர் 'எடுத்தபாதம்'. தில்லைக் கூத்தன் தூக்கிய திருவடியையே ஒரு பெண்ணுக்குப் பெயராக வைத்திருக்கிறார்கள். அவள் கறுப்பா சிவப்பா, ஒல்லியா பருமனா, சிரித்தால் கன்னத்தில் குழி விழுமா? கல்வெட்டு சொல்லவில்லை. நூறு கலம் நெல்லுக்கு அந்த விவரம் தேவைப்படவில்லை.

இனி, அதே கோயிலின் உள்ளே வாருங்கள். கருவறையைச் சுற்றி இருட்டான ஒரு பிராகாரச் சுற்று உண்டு. 1931-ஆம் வருஷம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ். கே. கோவிந்தசாமி அந்த இருட்டுக்குள் போய், சுவரில் நாயக்கர் காலத்துப் பூச்சுக்கு அடியில் இன்னொரு சித்திரம் மறைந்திருப்பதைக் கண்டுபிடித்தார். தொள்ளாயிரம் வருஷத்துக்கு மேற்பட்ட சோழர் கால ஓவியம்! அதிலே ஆடும் பெண்கள் இருக்கிறார்கள். இடுப்பை ஒடித்து, கையை வீசி, விரலை மலர்த்தி ஆடுகிறார்கள். தேவலோக அப்ஸரஸ்கள் என்று விவரம் அறிந்தவர்கள் சொல்கிறார்கள். இருக்கட்டும். ஆனால் அதைத் தீட்டிய ஓவியன் தேவலோகத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்திருக்கமுடியாது. அவன் கண்ணால் பார்த்தது பூலோகத்து நடனந்தான்; பூலோகத்துப் பெண்கள்தாம்.

ஆக, ஒரே கோயிலில், கல்வெட்டில் 400 பெயர்கள் இருக்கின்றன. ஒன்றுக்கும் முகம் இல்லை. உள்ளே முகங்கள் இருக்கின்றன. ஒன்றுக்கும் பெயர் இல்லை. எடுத்தபாதம் எந்த முகம் என்று சொல்லுவார் யாரும் இல்லை. பெயருக்கும் முகத்துக்கும் இடையே ஆயிரம் வருஷமாகக் கருங்கல் நிற்கிறது.

காலம் மாறினால் இந்த வழக்கம் மாறியிருக்கும் என்று எதிர்பார்ப்பது நியாயந்தானே? ராஜா ரவிவர்மாவைப் பாருங்கள். 1889-ல் அவர் மைசூர் மகாராஜாவுக்காக, வாத்தியங்களுடன் கூடிய ஒரு பெண்கள் கூட்டத்தைத் தீட்டினார். மைசூர் ஜகன்மோகன் அரண்மனையில் அது இருக்கிறது. பதினொரு பெண்கள், ஒவ்வொருத்தியும் ஒவ்வொரு பிரதேசத்து உடை உடுத்தியிருக்கிறாள், ஒருத்தி வீணை வாசிக்கிறாள். முகங்கள் அப்படியே எழுந்து வந்து பேசிவிடும்போல இருக்கின்றன. ஆனால் படத்தின் தலைப்பு 'சங்கீதக் கூட்டம்' என்ற பொருளில்தான் இருக்கிறதே ஒழிய, இன்னார் இன்னார் என்று இல்லை. அதே 1889-ஆம் வருஷத்தில் சென்னையில் வீணை தனம்மாளுக்கு வயது 22. நிஜமான வீணை, நிஜமான மேதை. அவர் முகம் நமக்குப் போட்டோக்களின் மூலமாக வந்தது; 2010-ல் இந்தியத் தபால்தலையிலும் வந்தது. அதற்குள் அவர் காலமாகி 72 வருஷம் ஆகிவிட்டது.

இப்போது என் வீட்டுச் சுவருக்குத் திரும்புகிறேன். சியாமா சாஸ்திரிகள் 1827-ல் காலமானார். முத்துசாமி தீட்சிதர் 1835-ல். தியாகராஜ சுவாமிகள் 1847-ல். பாரிஸ் நகரத்தில் டாகேர் என்பவர் போட்டோப் பிடிக்கும் வித்தையை வெளியிட்டதே 1839-ல்தான். ஆகவே மூவருக்கும் போட்டோ கிடையாது. தஞ்சாவூர்ப் பெண்களைப்போல இவர்களும் பெயர் மட்டும் மிஞ்சியவர்கள்.

அவர்களுக்கு முகம் கொடுத்தவர்களில் முதன்மையானவர் எஸ். ராஜம். எங்கள் வீட்டில் இருப்பது அவர் தீட்டிய சித்திரத்தின் அச்சுப் பிரதிதான். 1919-ல் பிறந்து 2010-ல் மறைந்த இந்த மனிதர் மூன்று ஜன்மம் எடுக்கவேண்டிய காரியங்களை ஒரே ஜன்மத்தில் செய்தார். 1934-ல் வெளிவந்த 'சீதா கல்யாணம்' படத்தில் ராமராக நடித்தார். சென்னைக் கலைப்பள்ளியில், தேவி பிரசாத் ராய் சௌதுரி தலைவராயிருந்த காலத்தில், சித்திரம் பயின்றார். வானொலி நிலையத்தில் சங்கீதப் பணி செய்தார். மற்றவர்கள் தொடத் தயங்கும் விவாதி ராகங்களை விரும்பிப் பாடினார். சித்திரத்தில் மேல்நாட்டு எண்ணெய் வர்ணப் பாணியை விட்டுவிட்டு, அஜந்தாவின் கோட்டைப் பிடித்துக்கொண்டார்.

மூவரின் முகமும் அவருக்கு எங்கிருந்து கிடைத்தது? என் ஊகத்தைச் சொல்கிறேன். கிருதிகளைப் பாடிப் பாடி, அந்தக் கிருதியை இயற்றியவன் முகம் எப்படி இருக்கவேண்டும் என்று அவருக்கு உள்ளே ஒரு தீர்மானம் ஏற்பட்டிருக்கவேண்டும். கதை எழுதுகிறவனுக்கும் இப்படித்தான் நேர்கிறது. பாத்திரத்தின் பேச்சு முதலில் காதில் விழுகிறது, முகம் பிறகு வருகிறது. பாடத் தெரிந்த கை தீட்டிய படம் ஆனபடியால் நமக்கும் அது பொய்யாகத் தோன்றவில்லை. பையனுக்கு நான் சொல்லியிருக்கவேண்டிய பதில் இதுதான்: "மூஞ்சி தெரியாது. பாட்டு தெரியும். பாட்டைக் கேட்டு வரைஞ்சாருடா."

இவ்வளவு தூரம் வந்தபிறகு எனக்கு இன்னொன்று உறைத்தது. பெயர் உண்டா, முகம் உண்டா என்று கணக்குப் பார்த்துக்கொண்டே வந்தேனே, மூன்றாவதாக ஒன்று இருக்கிறதல்லவா? தீட்டியவன் பெயர்!

2011-ல் அமெரிக்கத் தபால் இலாகா லத்தீன் சங்கீத மேதைகள் என்று ஐந்து பேருக்குத் தபால்தலைகள் வெளியிட்டது. டாங்கோப் பாட்டுக்குப் பேர்போன கார்லோஸ் கார்டெல், பிரேஸில் தந்த கார்மென் மிராண்டா, தாளவாத்தியக்காரர் டிட்டோ புயென்டே, கியூபாவில் பிறந்த செலியா குரூஸ், இளம் வயதிலேயே இறந்துபோன செலீனா ஆகிய ஐவர். போட்டோவை அச்சிடவில்லை, ஓவியனை வைத்துத் தீட்டச் செய்தார்கள். தீட்டியவர் ரஃபேல் லோபஸ் என்று அறிவித்தார்கள். பாடியவர் பெயர், அவர் முகம், தீட்டியவர் பெயர் மூன்றும் சேர்ந்து நிற்கின்றன. தேசம் விட்டுத் தேசம் வந்து பிழைக்கும் ஒரு ஜனத்துக்கு, தங்கள் பாட்டுக்காரர்களின் முகத்தைக் கடிதத்தில் ஒட்டி அனுப்புவதில் எவ்வளவு பெருமிதம் இருந்திருக்கும்!

நம் ஊரில் கலைஞர்களின் முகங்களை இதைவிடப் பெரிதாகவே தீட்டினோம். தபால்தலை அளவில் அல்ல, மாடி அளவில்! சென்னைப் பட்டணத்துச் சினிமா பேனர்களைத்தான் சொல்கிறேன். 1957-ல் 'வணங்காமுடி' படத்துக்காகச் சித்ரா தியேட்டரில் சிவாஜி கணேசனுக்கு எண்பது அடி உயரத்தில் ஒரு கட்-அவுட் நிறுத்தினார்கள் என்று சொல்வார்கள். மோகன் ஆர்ட்ஸ் செய்த வேலை அது. பேனரின் மூலையில் இப்படிக் கம்பெனியின் பெயர் இருக்கும். ஏணியில் நின்று தீட்டிய கைகளின் பெயர் இருக்காது. பம்பாயில் சினிமா விளம்பரப் பலகை தீட்டிப் பிழைத்த எம். எப். ஹுஸேன் பின்னால் உலகப் பிரசித்தி பெற்றார். ஆனால் எல்லோருக்கும் அந்த யோகம் வாய்க்குமா?

1980-களின் கடைசியில் எங்கள் அம்பத்தூரில் ஒரு தியேட்டரின் பின்புறம் கீற்றுக் கொட்டகை ஒன்று இருந்தது. அங்கே ஒருவர் பேனர் தீட்டுவார். பள்ளிக்கூடம் விட்டதும் நான் புத்தகப் பையோடு அங்கே போய் நிற்பேன். மரச் சட்டத்தில் துணியை இழுத்து அடித்து, வஜ்ஜிரம் கலந்த வெள்ளைப் பூச்சுப் பூசிக் காயவைப்பார். கையகலப் போட்டோவில் பென்ஸிலால் கட்டம் கட்டுவார். சாக்கட்டி தடவிய நூலைத் துணியின்மேல் சுண்டி, அதே கட்டங்களைப் பெரிதாக விழச் செய்வார். பிறகு கட்டத்துக்குக் கட்டம் முகம் வளரும். உடைகளையும் பின்னணியையும் உதவிப் பையன்கள் பூசுவார்கள். முகம் மட்டும் அவருடையது. அதிலும் கண்ணைக் கடைசியில்தான் வைப்பார்.

"கிட்ட நின்னு பார்க்காதே, தம்பி. ரோட்டுக்கு அந்தாண்ட போய்ப் பாரு" என்பார். கிட்டே இருந்து பார்த்தால் பச்சையும் ரோஜா நிறமுமாகத் திட்டுத் திட்டாக இருக்கும். ரோட்டைத் தாண்டிப் போய்த் திரும்பினால் கதாநாயகி என்னைப் பார்த்துச் சிரிப்பாள். எழுத்துத் தொழிலுக்கு உபயோகமான பாடத்தை நான் கல்லூரியில் கற்கவில்லை. அந்த ரோட்டோரத்தில் கற்றேன்.

படம் ஓடி முடிந்தால் பேனரும் முடிந்தது. துணிக்கு மேலே மறுபடி வெள்ளை பூசி அடுத்த முகம் வரும், நைந்துபோனால் விற்றுவிடுவார்கள். எங்கள் தெருக்கோடியில் மாட்டுக் கொட்டகைக்கு மேலே ஒரு மழைக்காலம் முழுவதும் ஒரு கதாநாயகியின் இடது கண் கிடந்தது. அதன்மேல் தண்ணீர் தேங்கும்போது அவள் அழுவதைப்போல இருக்கும். மாடு பாட்டுக்கு வைக்கோல் தின்றுகொண்டிருக்கும்.

இந்த நூற்றாண்டின் ஆரம்பத்தில் பிளெக்ஸ் வந்தது. மிஷின் ஒரே ராத்திரியில் நூறு முகம் அச்சடித்துத் தள்ளியது. தூரிகைக்காரர்கள் கடைப் பலகைக்கும் வேறு வேலைக்கும் போனார்கள். 2010-ஐ ஒட்டிச் சென்னை மாநகராட்சி, சுவரொட்டிகளுக்குப் பதிலாகப் பொதுச் சுவர்களில் சித்திரம் தீட்டச் செய்தபோது, பழைய பேனர் ஓவியர்கள் சிலருக்கு மறுபடி சுவர் கிடைத்தது. எங்கள் ஊர்க்காரர் அவர்களில் ஒருவரா என்று விசாரிக்கவேண்டும் என்று தோன்றியது.

சென்ற மாதம் போனேன். கொட்டகை இருந்த இடத்தில் மோட்டார் சைக்கிள் நிறுத்துகிறார்கள். எதிரே டீக்கடை மட்டும் அப்படியே இருக்கிறது. அப்பனுக்குப் பதில் மகன் உட்கார்ந்திருக்கிறான்.

"போர்டு எழுதுவாரே, அவர் எங்கே இருக்கார், தெரியுமா?" என்றேன்.

"ஆர்ட்டிஸ்டா? அவர் போய்ச் சேர்ந்து ரொம்ப நாளாச்சே, சார். நல்ல மனுஷன். இந்தக் கடைக்குக்கூட ஒரு முருகன் படம் போட்டுக் கொடுத்தார். அப்புறம் சுவர் இடிச்சுக் கட்டினோம்."

"அவர் பேர் என்ன?"

அவன் டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டு யோசித்தான். "ஆர்ட்டிஸ்ட்டுன்னுதான் சார் எல்லாரும் கூப்பிடுவோம்" என்றான்.

அவனைக் குறை சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? மூன்று வருஷம் அந்தக் கொட்டகை வாசலில் நின்றேன். அவர் முகம், காதில் சொருகிய பென்ஸில், சட்டைப் பையில் வர்ணக் கறை எல்லாம் ஞாபகம் இருக்கிறது. பெயரைக் கேட்கவேண்டும் என்று ஒரு நாளும் தோன்றவில்லை. ராஜராஜனுடைய கணக்கன் 400 வீட்டு வாசலில் நின்று கேட்டு எழுதிக்கொண்டான். நான் ஒரு கொட்டகை வாசலில் கேட்கவில்லை.

டீக்குக் காசு கொடுத்துவிட்டு வெளியே வந்தேன். ரோட்டைத் தாண்டி அந்தப் பக்கம் போய் நின்று, பழைய வழக்கப்படி திரும்பிப் பார்த்தேன்.