தண்டும் சேவலும்: பித்தளையில் மோட்டாரும் அரமும்

கொழும்பிலிருந்து கண்டிக்கு வரும் வழியில், கடுகண்ணாவ ஏற்றம் முடிந்து பிலிமத்தலாவையை நெருங்கும்போதே பித்தளைக் கடைகள் கண்ணில் படத் தொடங்கும். வாசலில் ஆளுயர விளக்குகள் நிற்கும். எங்கள் வீட்டுக் குத்துவிளக்கில் அன்னம் இருக்கும் உச்சியில் இவற்றில் சேவல் இருக்கும். கடைக்குப் பின்னால் போய்ப் பட்டறையில் அரைநாள் உட்கார்ந்தால் ஒன்று புரியும். அந்த ஒரே விளக்குக்குள் இரண்டு வேலைமுறைகள் இருக்கின்றன. தண்டும் தட்டும் லேத் மெசினில் கடைந்தவை. சேவல் அரத்தாலும் சிற்றுளியாலும் பிசிறு எடுத்தது. ஒரே மூசையில் உருகிய பித்தளைதான் இரண்டுக்கும். அச்சை உடைத்து எடுத்த பிறகுதான் பாதை பிரிகிறது.

வார்ப்பிலிருந்து வரும் தண்டு அழகான பொருளல்ல. இரண்டு அச்சுகள் சேர்ந்த இடத்தில் நீளத்துக்கு ஒரு விளிம்பு துருத்திக்கொண்டிருக்கும். உலோகம் ஊற்றிய வாய் ஒரு கொம்புபோல் நீட்டியிருக்கும். மேல்தோலில் மணல் சுட்டு ஒட்டியிருக்கும். அதை லேத்தில் பூட்டிச் சுழலவிட்டதும் நடப்பது கண்கட்டுவித்தை போலத்தான். உளி பட்ட இடத்தில் கறுப்புத் தோல் உரிந்து மஞ்சள் வளையம் தெரியும். அது மெல்ல அகலும். பித்தளைக்கு எண்ணெய் வேண்டாம், வறண்டபடியே வெட்டலாம். ஆனால் உளியைத் தீட்டுவதில் கவனம் வேண்டும். இரும்புக்குத் தீட்டுவதுபோல் மேல்முகத்தைச் சரித்துத் தீட்டினால் பித்தளை உளியை உள்ளே இழுத்துக்கொள்ளும். தண்டில் குழி விழும். அதனால் மேல்முகம் தட்டையாகவே இருக்கும். வெட்டுவதைவிடச் சுரண்டுவது என்றே சொல்லலாம். கலவையில் 2, 3 வீதம் ஈயம் இருந்தால் சுருள் நீளாமல் பொடிப்பொடியாகத் தெறிக்கும். கடைசலுக்கு அதுதான் வசதி.

மோட்டார் வருவதற்கு முன்பும் கடைசல் இருந்தது. உருளையில் வாரைச் சுற்றி ஒருவர் இருபுறமும் மாறிமாறி இழுப்பார், மற்றவர் உளி பிடிப்பார். உருளை ஒரு பக்கம் சுழலும்போது மட்டுமே வெட்டு விழும், திரும்பும்போது உளியைச் சற்று விலக்க வேண்டும். பாதி நேரம் வீண். மோட்டார் அந்தப் பாதியை மீட்டுக் கொடுத்தது, வாரிழுத்தவரின் தோளையும் விடுவித்தது. இதில் இழந்தது என்று எதையும் என்னால் காட்ட முடியவில்லை. வட்டம் அன்றும் வட்டம்தான், இன்றும் வட்டம்தான்.

இயந்திரம் முழு உரிமையோடு ஆளும் இடம் எதுவென்று அறிய இன்னொரு பித்தளைப் பொருளைப் பார்க்கலாம். துப்பாக்கித் தோட்டாவின் கோது 70 பங்கு செம்பும் 30 பங்கு துத்தநாகமும் சேர்ந்தது. வார்ப்பல்ல, தகட்டை அழுத்தி இழுத்து நீட்டியது. அமெரிக்காவில் சுட்ட கோதை எடுத்து மறுபடி நிரப்புகிறவர்கள் ஏராளம். ஒவ்வொரு முறை சுடும்போதும் பித்தளை கழுத்துப் பக்கம் நகர்ந்து கோது நீண்டுவிடும். 308 வின்செஸ்டர் கோதின் உச்ச நீளம் 51.18 மி.மீ.; அதை 50.93 மி.மீ. வரை வெட்டி நிறுத்துவார்கள். இடையில் இருப்பது கால் மில்லிமீற்றர். கழுத்து நீண்ட கோது அறையின் முனையில் இடித்து ரவையை நெரித்தால் அழுத்தம் ஆபத்தான அளவுக்கு ஏறும். நூறு கோதும் ஒரே நீளம் இருக்க வேண்டிய அந்த வேலையில் கையின் தன்மைக்கு இடமே இல்லை. மின்துளைக் கருவியில் வெட்டியைப் பூட்டிச் செய்வதே சரி.

சேவலுக்கு வருவோம். அதற்கு நடு அச்சு கிடையாது. லேத்தில் பூட்டிச் சுழற்ற முடியாது. கொண்டை ஒரு பக்கம், வால் ஒரு பக்கம், கழுத்தில் ஒரு வளைவு. பிலிமத்தலாவையில் நான் பார்த்த பாஸ் முதலில் பழைய அரத்தை எடுத்தார். மணல் சுட்ட தோல் புது அரத்தின் பல்லைத் தின்றுவிடும். தோல் போன பிறகுதான் புது அரம். பல்லுக்குள் பித்தளைப் பொடி அடைத்து மேற்பரப்பைக் கீறாமலிருக்க அரத்தில் சோக்கைத் தேய்த்துக்கொண்டார். ஐந்தாறு இழுப்புக்கு ஒருமுறை நிறுத்தி, கட்டைவிரல் நகத்தைக் கொண்டையின் விளிம்பில் ஓட்டிப் பார்ப்பார். கண்ணுக்குத் தெரியாத பிசிறு நகத்தில் மாட்டும். நிமிடத்துக்கு 40, 50 இழுப்பு என்பது அரத்தின் வேகம். அருகில் சும்மா கிடந்த நான்கு அங்குலக் கிரைண்டரோ நிமிடத்துக்கு 11,000 சுற்றுச் சுழலும். ஊற்றுவாய்க் கொம்பை அறுக்க மட்டும் அதை எடுத்தார். கொண்டைக்குப் பக்கத்தில் கொண்டுபோகவில்லை. அரம் தவறினால் ஒரு கீறல், கிரைண்டர் தவறினால் கொண்டையின் ஒரு பல்லே போய்விடும்.

கண்டிக் கைவினையைப் பற்றிப் பேசினால் ஆனந்த குமாரசுவாமியைத் தாண்டிப் போக முடியாது. தமிழரான முத்து குமாரசுவாமியின் மகன். இலங்கைக்குக் கனிமங்களை ஆராய வந்தவர், கண்டி நாட்டுக் கம்மாளரிடமும் ஓவியரிடமும் மனதைப் பறிகொடுத்தார். அரசனுக்கென்று வேலை செய்த ‘பட்டல் ஹதர’ என்னும் நான்கு பட்டறைகளைப் பற்றி நாம் இன்று அறிந்தவற்றில் பெரும்பங்கு அவர் திரட்டியது. 1908இல் வந்த அவருடைய ‘இடைக்காலச் சிங்களக் கலை’ நூலை, வில்லியம் மொறிஸ் பயன்படுத்திய அதே கையச்சு இயந்திரத்தில் 425 பிரதிகள் அச்சிட்டார். ஆலைச் சரக்கு கைவினைஞனைக் கொல்கிறது என்ற அவருடைய கோபம் நியாயமானது. ஆனால் பட்டறைக்குள் வரும் மோட்டாரும் ஆலையும் ஒன்றல்ல. கைவினைஞனின் கையிலேயே இருக்கும் மோட்டார், நடு அச்சு உள்ள பொருளில் அவனுக்கு நண்பன். நடு அச்சில்லாத பொருளில் தொட்டால்தான் கேடு. அந்தக் கேட்டின் பெயர் பொலிஷ் சக்கரம்.

இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. அம்மாவின் கலியாணச் சீராக வந்த குத்துவிளக்கு நாச்சியார்கோயிலில் செய்தது. கும்பகோணத்துக்குப் பக்கத்து ஊரான அங்கேயும் இதே ஒழுங்குதான்: அடி, தண்டு, தட்டு எல்லாம் கடைந்து மரை போட்டுச் சேர்ப்பார்கள், மேலே அன்னம் தனியாகக் கைவேலை. ஒரு தைப்பொங்கலுக்கு முன்னர் அதைக் கடையொன்றில் பொலிஷ் பண்ணக் கொடுத்தேன். கண்ணாடிபோலத் திரும்பி வந்தது. தண்டு அழகாகத்தான் இருந்தது. அன்னத்தின் இறகுக் கோடுகள் மட்டும் மங்கி, சவர்க்காரக் கட்டி கரைந்ததுபோல் வழுவழுப்பாகிவிட்டன. துணிச்சக்கரம் உயர்ந்த இடத்தைத்தான் முதலில் தின்னும். இறகு என்பது கோட்டுக்குக் கோடு உயர்ந்த மேடுதானே. லேத்தில் விழும் தூளையும் அரப்பொடியையும் பட்டறையில் கூட்டி மறுபடி உருக்குகிறார்கள். சக்கரம் தின்ற பித்தளை மெழுகோடும் பஞ்சோடும் கறுப்புச் சேறாகிப் போய்விடுகிறது. ஈயம் கலந்த அந்தத் தூசியை முகமூடியின்றிச் சுவாசிக்கும் பையனின் நெஞ்சு வேறு கதை. அதை யாரும் விலையில் சேர்ப்பதில்லை.

அந்த அன்னத்தைக் கழற்றிப் பையில் கொண்டுபோய்த்தான் பாஸிடம் கொடுத்தேன். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “மாத்தயா, கழுத்துல வெட்ட ஏலாது. மெலிஞ்சி போச்சி” என்றார், தனக்குத் தெரிந்த தமிழில். சிறகில் மட்டும் ஆழம் மிச்சமிருந்தது. மெழுகுக் கட்டையில் அன்னத்தைப் பதித்து, சிற்றுளியைச் சாய்த்துப் பிடித்து, சின்னச் சுத்தியலால் தட்டித்தட்டி ஒரு சிறகுக்குப் பதினொரு கோடு போட்டார். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் போனது. கோடுகள் பழையவற்றின் மேல் சரியாக விழவில்லை. இரண்டோ மூன்றோ சற்றுத் தள்ளி ஓடுகின்றன. விளக்கேற்றினால் அந்தச் சிறகில்தான் வெளிச்சம் முதலில் நிற்கிறது. இப்போது பழப்புளியும் சாம்பலும்தான் போடுகிறோம். கழுத்துப் பக்கம் விரல் நுனியால் மட்டும்.