வட்டுக்கோட்டைத் தேவாலயமும் அதன் பெயரேடும்

யாழ்ப்பாண நகருக்கு வடமேற்கே, வயல்வெளிகளும் பனங்கூடல்களும் சூழ்ந்த பழம்பதி வட்டுக்கோட்டை. அவ்வூரின் நடுவே தடித்த சுவர்களுடன் ஒரு தேவாலயம் நிற்கின்றது. போர்த்துக்கீசர், ஒல்லாந்தர், ஆங்கிலேயர் என்னும் மூவகை ஆட்சியையும் கண்ட இடம் அது. கிராமத்துக் கோயிலொன்றின் பழமையைக் கற்களைக் கொண்டு கணிப்பது வழக்கம். ஆயினும் அதன் உண்மை வரலாற்றை அறிய விரும்புவோர் நோக்கவேண்டியது அதன் பெயரேட்டையேயாகும். அவ்வேட்டில் யார் யார் பெயர்கள் எழுதப்பெற்றன, எதன் பொருட்டு எழுதப்பெற்றன என்பதே வினா.

1619 ஆம் ஆண்டில் யாழ்ப்பாண இராச்சியம் போர்த்துக்கீசர் கைப்பட்டது. பிரான்சிஸ்கு சபைத் துறவிகள் நாட்டைக் கோயிற்பற்றுகளாகப் பிரித்து, பற்றுக்கு ஒரு கோயிலாக அமைத்தனர். வட்டுக்கோட்டையும் அவ்வாறு ஒரு கோயிற்பற்றாயிற்று. 1658 இல் யாழ்ப்பாணக் கோட்டை ஒல்லாந்தர் வசமானபோது, கத்தோலிக்கக் கோயில்கள் புரட்டஸ்தாந்த ஆலயங்களாக மாற்றப்பட்டன. அவற்றின் மேற்பார்வையை ஏற்றவர் பிலிப்பஸ் பால்டேயஸ் பாதிரியார். தமிழைக் கற்றுக்கொண்ட இவர், தாய்நாடு திரும்பியபின் 1672 ஆம் ஆண்டில் வெளியிட்ட பெருநூலில் வட்டுக்கோட்டை ஆலயம் உட்பட யாழ்ப்பாணத்து ஆலயங்கள் பலவற்றை விவரித்துள்ளார்.

அக்காலத்தில் ஆலயமும் பாடசாலையும் வேறு வேறல்ல. பாதிரிமார் மிகச் சிலரே இருந்தமையால், ஊர்தோறும் உபாத்தியாயரே ஆலயக் கருமங்களையும் நடத்தினார். கிழமை நாட்களில் எழுத்தும் ஞானபாடமும் கற்பித்த அவர், ஞாயிற்றுக்கிழமைகளில் ஓலையில் எழுதப்பெற்ற பிரசங்கத்தைச் சபையாருக்கு வாசித்தார். பாடசாலைக்கு வாராத பிள்ளைகளின் பெற்றோரிடம் குற்றப்பணமும் அறவிடப்பட்டது. உபாத்தியாயரின் பொறுப்பிலிருந்த பாடசாலைத் தோம்பில் ஞானஸ்நானங்களும் விவாகங்களும் பதியப்பட்டன. அத்தோம்பிற் பதியப்பெறாத விவாகத்திற் பிறந்த பிள்ளைகள், பெற்றோரின் முதுசத்தைச் சட்டப்படி பெறுவதில் இடர்ப்பட நேர்ந்தது. அரசாங்க உத்தியோகம் பெறவும் ஞானஸ்நானம் வேண்டப்பட்டது. ஆகவே, காணியைக் காக்கவும் பதவியைப் பெறவும் மக்கள் பெயர் கொடுத்தனர். தோம்பு நிரம்பிற்று, ஆயின் ஊரவரின் வழிபாடு பெரும்பாலும் வீட்டினுள்ளே பழையபடி தொடர்ந்தது.

இதன் விளைவு விரைவிலேயே வெளிப்பட்டது. 1795 இல் யாழ்ப்பாணம் ஆங்கிலேயர் வசமாயிற்று. கட்டாயம் தளர்ந்தது, சபைகளும் கலைந்தன. 1806 ஆம் ஆண்டில் யாழ்ப்பாணம் வந்த குளோடியஸ் புக்கானன் என்னும் போதகர், பால்டேயஸ் காலத்து ஆலயங்கள் ஆளின்றிக் கிடக்கக் கண்டு வருந்தினார். தஞ்சாவூர்ச் சுவார்ட்சு ஐயரின் மாணவராகிய கிறிஸ்தியன் தாவீது என்னும் தமிழர் ஒருவரே அந்நாளில் அங்கு புரட்டஸ்தாந்தப் போதகராயிருந்தார். ஏறக்குறைய ஒன்றரை நூற்றாண்டாக எழுதி நிரப்பிய ஏடு ஒரு தலைமுறையில் வெற்றேடாயிற்று. வட்டுக்கோட்டை ஆலயமும் கூரையிழந்து வெறுஞ் சுவர்களாய் நின்றது.

1816 ஆம் ஆண்டில் அமெரிக்க மிஷனரிமார் இலங்கையை அடைந்தனர். தேசாதிபதி றொபேட் பிரவுன்றிக் அவர்களுக்கு யாழ்ப்பாணத்திற் பணிபுரிய இடமளித்தார். 1817 இல் பெஞ்சமின் மெய்க்ஸ், ஜேம்ஸ் றிச்சேட்ஸ் என்போர் வட்டுக்கோட்டையிற் குடியேறிப் பாழடைந்த கட்டடங்களைத் திருத்தலாயினர். பழைய சுவர்களின் மீது புதிய கூரை எழுந்தது. ஆயினும் இம்முறை சட்டத்தின் துணை இல்லை. பெயர் கொடுத்தவருக்குக் காணி உரிமையும் இல்லை. மாறாக, உறவினரின் வெறுப்பே காத்திருந்தது. சாதிக் கட்டுப்பாடு மிகுந்த அந்நாளில், மிஷன் வளவிற் சமைத்த உணவை உண்ணவும் மாணவர் பின்வாங்கினர். இதனாற் சபை மெல்ல மெல்லவே வளர்ந்தது.

1823 இல் டானியல் பூவர் ஐயரைத் தலைவராகக் கொண்டு வட்டுக்கோட்டைச் செமினறி தொடங்கப்பெற்றது. தமிழ், ஆங்கிலம், வடமொழி, கணிதம், வானியல் ஆகியன அங்கே கற்பிக்கப்பட்டன. மாணவரைத் தாங்கிய அமெரிக்க உபகாரிகளின் பெயர்களே மாணவர்க்கும் இடப்பட்டன. கரோல் விசுவநாதபிள்ளை, ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை என்னும் பெயர்கள் அவ்வழக்கத்தை இன்றும் நினைவூட்டுவன. செமினறியிற் பயின்ற விசுவநாதபிள்ளையும் சி. வை. தாமோதரம்பிள்ளையும் 1857 இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளாயினர். பின்னாளில் இருவரும் சைவநெறி சார்ந்தனர். தாமோதரம்பிள்ளை தொல்காப்பியப் பொருளதிகாரத்தையும் கலித்தொகையையும் அச்சேற்றித் தமிழுக்கு அருந்தொண்டாற்றினார். சதாசிவம்பிள்ளையோ கிறித்தவராகவே வாழ்ந்து உதயதாரகைப் பத்திரிகையை நடத்தினார். சென்றவர் சென்றதும் நின்றவர் நின்றதும் தத்தம் மனச்சான்றின்படியே. ஒல்லாந்தர் தோம்பில் இவ்வுரிமைக்கு இடமிருந்ததில்லை.

1855 இல் செமினறி மூடப்பட்டது. உயர்கல்வி இன்றி ஊர் இருக்கலாகாதென மீண்டும் முயன்றவர்களுள் சுதேசக் கிறித்தவர்கள் முன்னின்றனர். அம்முயற்சியின் பயனாக 1872 இல் யாழ்ப்பாணக் கல்லூரி அங்கே தோன்றியது. அதற்கு முன்னரே, 1847 இல், யாழ்ப்பாணத்து அமெரிக்க மிஷன் சபையார் தமக்கென ஒரு சுவிசேஷ சங்கம் அமைத்து, தீவுப் பகுதிகளிற் பணிபுரியத் தலைப்பட்டிருந்தனர். குடும்பப் பெண்கள் உலையிலிடும் அரிசியில் நாள்தோறும் ஒரு பிடியை ஆலயத்திற்கென எடுத்துவைத்தனர். அறுப்பின் பண்டிகையில் வாழைக்குலையும் பூசணியும் நெல்லும் பீடத்தின் முன் குவிந்தன. ஏழையின் பிடியரிசியும் செல்வரின் காணிக்கையும் ஒரே கணக்கிற் சேர்ந்தன.

1947 ஆம் ஆண்டில் தென்னிந்திய திருச்சபை உருவானபோது, இத்தேவாலயம் யாழ்ப்பாண ஆதீனத்தின் பேராலயமாயிற்று. சபாபதி குலேந்திரன் முதற் பேராயரானார். அந்நியர் எழுப்பிய சுவர்களுக்குள் தமிழர் ஒருவர் தலைமை ஏற்றார். 1995 ஆம் ஆண்டில் வலிகாமத்து மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்த காலத்தில், அவ்வூர் மக்களும் சிதறினர். அடுத்த ஆண்டு முதல் மீண்டவர்கள் மறுபடியும் கூடி வழிபட்டனர். எந்த அரசும் அவர்களை அங்கு அழைக்கவில்லை. எந்தத் தோம்பும் அவர்களைக் கட்டாயப்படுத்தவில்லை.

வட்டுக்கோட்டைத் தேவாலயம் உணர்த்தும் பாடம் இதுவேயாம். அச்சத்தால் எழுதப்பெற்ற பெயர்கள், ஆட்சி மாறிய அன்றே அழிந்தன. தாமே விரும்பிக் கொடுத்த பெயர்கள் தொகையிற் குறைந்தனவாயினும் நிலைத்தன. சுவர் எழுப்புதல் அரசர்க்கு எளிது. சபையை ஆக்குவது மக்களின் மனம் ஒன்றே.