இடிந்த வீடும் துருவேறிய குதங்களும்

திருகோணமலையில் பாழடைந்த சொத்தின் விலை பற்றி இரண்டு விதமான கோபம் உண்டு. டைக் வீதி, உட்துறைமுக வீதிப் பக்கம் கூரை இறங்கிக் கிடக்கும் பழைய வீடு ஒன்றுக்குச் சொல்லும் விலையைக் கேட்டால், "ஓடும் இல்லை, கதவும் இல்லை, இந்தச் சுவருக்கா இவ்வளவு?" என்று சனம் வாயைப் பிளக்கும். துறைமுகத்தின் மறுபக்கம், சீனன்குடாவில் காடு மூடிய எண்ணெய்க் குதங்களின் குத்தகைத் தொகையைச் சொன்னால், "இவ்வளவு பெரிய சொத்தை இந்தச் சில்லறைக்கா குடுத்தாங்கள்?" என்று அதே சனம் கொதிக்கும். அங்கே விலை கூடிப்போன ஆத்திரம், இங்கே விலை குறைந்துபோன ஆத்திரம்.

இரண்டும் ஒரே துறைமுகத்தை அண்டி நிற்கும் பாழ்கள். இரண்டின் பெறுமதியும் அந்தத் துறைமுகத்தால் வந்தது. ஆனால் நாம் ஒன்றை ஒரு படிக்கல்லாலும் மற்றதை வேறொரு படிக்கல்லாலும் நிறுக்கிறோம். அதனால்தான் இரண்டு இடத்திலும் நம் கோபம் பாதி சரியாகவும் பாதி பிழையாகவும் இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பாழான விதம்

வீடுகள் பாழானது ஆட்கள் இல்லாமல் போனதால். 1983 தொடக்கம் அலை அலையாக வன்செயலும் போரும் வந்தன. 1990இலும் 2006இலும் மறுபடியும் சனம் ஓடியது. இடையில் 2004 டிசம்பரில் கடலும் ஊருக்குள் வந்து போனது. கொழும்புக்கும் சென்னைக்கும் லண்டனுக்கும் ரொறன்ரோவுக்கும் போனவர்களில் பலர் வீட்டை விற்றுவிட்டுப் போகவில்லை. நிலைமை சரிவந்ததும் திரும்பலாம் என்று பூட்டிவிட்டுப் போனவர்கள் அவர்கள்.

பூட்டிய வீடு கடற்கரையில் எப்படிச் சாகிறது என்பதைக் கிட்ட நின்று பார்க்க வேண்டும். முதலில் நாலைந்து ஓடுகள் சரிகின்றன. மழைத்தண்ணீர் சுவரின் தலையில் இறங்குகிறது. கைமரம் உக்குகிறது. சுவரின் உச்சியில் காகம் போட்ட விதையில் அரசங்கன்று முளைக்கிறது. அந்தக் காலத்துச் சுவர்கள் சுண்ணாம்புச் சாந்தில் கட்டியவை. உள்ளே வந்த ஈரத்தை வெளியே விட்டுவிடும் தன்மை அவற்றுக்கு உண்டு. பிற்காலத்தில் அதன் மேல் சீமெந்து பூசினார்கள். சீமெந்து ஈரத்தை உள்ளேயே அடைத்துக்கொண்டது. கடல் உப்பு பூச்சுக்குப் பின்னால் படிந்து, அதைப் பொருக்குப் பொருக்காகப் பெயர்த்துத் தள்ளியது. புதிதாகப் போட்ட கொங்கிறீற்று வளைகளுக்குள் கம்பி துருவேறிப் பருத்து வளையையே வெடிக்க வைத்தது. இதனால் பல வீடுகளில் பழைய சுவர் நிற்க, புதிதாகச் சேர்த்த பகுதி முதலில் விழுந்து கிடப்பதைக் காணலாம்.

குதங்களின் கதை வேறு. பிரித்தானியர் தம் கடற்படைக் கப்பல்களுக்கு எரிபொருள் சேமிக்க 1920களிலும் 1930களிலும் சுமார் 850 ஏக்கர் நிலத்தில் நூறு வரையான உருக்குக் குதங்களை எழுப்பினார்கள். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 12,000 கிலோலீற்றர் கொள்ளும். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கியபோது ஒரு விமானம் 91ஆம் இலக்கக் குதத்தில் வந்து மோதியது. நாட்கணக்காக எரிந்த அந்தக் குதத்தின் உருகி மடிந்த உருக்கு இன்றும் அங்கே கிடக்கிறது. 1957இல் பிரித்தானியக் கடற்படைத் தளம் இலங்கையின் கைக்கு வந்தது. அதற்குப் பிறகு அவ்வளவு பெரிய சேமிப்பகத்துக்கு வேலை இருக்கவில்லை. மேல்பகுதியில் உள்ள 84 குதங்களைச் சுற்றிக் காடு வளர்ந்தது. குழாய்களும் அடைப்பான்களும் துருவேறின.

வீட்டுச் சொந்தக்காரரைத் திரும்பி வரவிடாமல் செய்தது போர். குதங்களை யாரும் முழுதாகத் தொட முடியாமல் செய்தது அரசியல். ஒருவர் கை வைக்கப் போனால் இன்னொருவர் தடுத்தார். வீடு கேட்பாரற்றுப் பாழானது. குதங்கள் கேட்பார் பலர் இருந்ததால் பாழாகின.

விலை எதற்கு?

"காசு காணிக்குத்தான், வீட்டுக்கில்லை" என்பது காணித் தரகர்கள் நாளாந்தம் சொல்லும் வார்த்தை. அது உண்மையும்கூட. 2009க்குப் பிறகு உப்புவெளியிலும் நிலாவெளியிலும் உல்லாச விடுதிகள் பெருகின. அந்தச் சூடு நகரத்துக் காணிகளுக்கும் பரவியது. விலை பேர்ச் கணக்கில்தான் பேசப்படுகிறது. இடிந்த சுவருக்கு அந்தக் கணக்கில் இடமே இல்லை. சொல்லப்போனால், வாங்குகிறவர் சுவரை உடைத்து அள்ளும் கூலியைக் கழித்துத்தான் விலை பேசுவார்.

விற்பவர் பக்கம் வேறு கணக்குகள் இருக்கின்றன. கிழக்கில் வீடு பெண்பிள்ளைக்குச் சீதனமாகப் போவது பெருவழக்கு. அப்படி உறுதி எழுதாமல் தாய் தகப்பன் கண்ணை மூடிவிட்டால், வீடு பிள்ளைகள் எல்லோருக்கும் பங்காகிறது. ஐந்தாறு பேர் ஐந்தாறு நாடுகளில் இருந்தால், ஒவ்வொரு பங்கும் கையெழுத்துப் போடும் அளவுக்குப் பெறுமதியாக இருக்க வேண்டும் என்று விலை ஏறுகிறது. வெளிநாட்டில் இருப்பவர் டொலரிலும் பவுணிலும் எண்ணுகிறார். 2022இல் ரூபா சரிந்து, 200 ரூபாவாக இருந்த டொலர் 360 ரூபா வரை போனபோது, அவர் மனதில் இருந்த விலை மாறாமலேயே ஊரில் சொல்லும் விலை பாய்ந்து ஏறிவிட்டது. இவற்றோடு பிறந்த வீடு என்ற பற்றும் சேர்கிறது. அதற்கு அவர் ஒரு விலை வைக்கிறார். வாங்குகிறவருக்கு அது தேவையில்லை. இந்த இடைவெளியில்தான் வீடு ஆண்டுக்கணக்காக விற்காமல் கிடக்கிறது.

குதங்களை இதே பேர்ச் கணக்கில் அளந்து பார்ப்போம். 2003இல் அரசாங்கமும் பெற்றோலியக் கூட்டுத்தாபனமும் இந்திய அரச எண்ணெய் நிறுவனத்தின் துணை நிறுவனமான லங்கா ஐ.ஓ.சி.யோடு செய்த ஏற்பாட்டின்படி, 35 ஆண்டுகளுக்கு ஆண்டுக் குத்தகை 100,000 அமெரிக்க டொலர். 99 குதங்களுக்கும் பிரித்தால் ஒரு குதத்துக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 1,010 டொலர் வரும். ஒரு ஏக்கர் 160 பேர்ச். ஆகவே 850 ஏக்கர் 136,000 பேர்ச். ஒரு பேர்ச்சுக்கு ஆண்டுக்கு 75 அமெரிக்கச் சதம்கூட வரவில்லை. இடிந்த வீட்டுக்குப் பேர்ச் கணக்கில் பெருந்தொகை கேட்கப்படும் அதே துறைமுகத்தில், அரசின் காணிக்குக் கிடைத்தது இவ்வளவுதான். சனத்தின் கோபத்தில் இருக்கும் நியாயம் இது.

ஆனால் அந்த நியாயம் பாதிதான். கீழ்ப்பகுதியில் உள்ள 15 குதங்களே பாவனைக்கு வந்தன. மேல்பகுதிக் காட்டைத் துப்பரவாக்கி, குழாய் மாற்றி, குதம் குதமாகத் திருத்தாமல் அங்கே ஒரு சொட்டு எண்ணெயும் வைக்க முடியாது. அந்தச் செலவைக் கழிக்காமல் குதங்களுக்கு விலை சொல்வது, வீட்டைத் திருத்தும் செலவைக் கழிக்காமல் விலை சொல்வதற்குச் சமம். இன்னொன்றும் உண்டு. 1987 ஜூலை 29இல் இலங்கையும் இந்தியாவும் ஒப்பந்தம் செய்தபோது பரிமாறிய கடிதங்களிலேயே இக்குதங்களை இரு நாடுகளும் கூட்டாக மீளமைக்கும் என்ற வாக்குறுதி இருந்தது. அதன் பின் இந்தக் குத்தகையில் காசோடு உறவும் பாதுகாப்பும் கடனும் சேர்ந்து பேசப்பட்டன. அப்படியான பேரத்தில் காசுத் தொகை மட்டும் முழு விலை ஆகாது. முழு விலை என்ன என்று சனத்துக்கு யாரும் விளக்கிச் சொல்லவில்லை என்பதே பெரிய குறை.

உறுதி தெளிவில்லாத சொத்து

இரண்டு பாழுக்கும் உள்ள ஆழமான ஒற்றுமை பத்திரத்தில் இருக்கிறது.

வீடு வாங்க வங்கிக் கடன் கேட்டால், வழக்கமாக முப்பது ஆண்டுக்கு உறுதிகள் தொடர்ச்சியாக இருக்கின்றனவா என்று பார்ப்பார்கள். திருகோணமலையில் அந்த முப்பது ஆண்டுக்குள் போர் நிற்கிறது. உறுதி எரிந்தவர்கள் உண்டு, சொந்தக்காரர் காணாமல் போன குடும்பங்கள் உண்டு. அற்றோனித் தத்துவம் எழுதிக் கொடுத்தவர் இறந்துபோன பின்னும் அந்தக் கடதாசியை வைத்துக்கொண்டு விற்க வருகிறவர்களும் உண்டு. இன்னொருவர் வந்து குடியிருந்தால் சிக்கல் கூடுகிறது. 1871ஆம் ஆண்டின் ஆட்சியுரிமைச் சட்டப்படி, பத்து ஆண்டு இடையறாமல், சொந்தக்காரருக்கு எதிராகக் காணியை ஆண்டவர் உரிமை கோரலாம். போரால் ஓடியவர்களுக்கு அது அநீதி என்பதால், 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்துக்குச் சிறப்பு ஏற்பாடு செய்தது. சட்டம் வந்தது நல்லது. ஆனால் அதைப் பயன்படுத்த வழக்குப் போட வேண்டியிருந்தது, வழக்கு நடத்த ஊரில் ஆள் தேவைப்பட்டது. வாங்கக்கூடியவர்களின் எண்ணிக்கையையும் வேறொரு சட்டம் சுருக்குகிறது. 2014ஆம் ஆண்டின் காணிக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குப் பிறகு, வெளிநாட்டுக் குடியுரிமை மட்டும் உள்ளவர் பொதுவாக இங்கே காணி வாங்க முடியாது. இரட்டைக் குடியுரிமை உள்ளவருக்குத் தடையில்லை.

குதங்களிலும் இதே நோய்தான். 2003 ஏற்பாட்டைத் தொடர்ந்து முறையான குத்தகை உறுதி எழுதப்பட்டதா என்ற கேள்வியே பின்னாளில் எழுந்த வாதங்களின் மையமாக இருந்தது. 35 ஆண்டுக் குத்தகை என்று ஒரு பக்கம் சொல்ல, அது புரிந்துணர்வு மட்டுமே என்று மறுபக்கம் சொன்னது. 2017 ஜூலையில் பெற்றோலியத் தொழிற்சங்கங்கள் வேலைநிறுத்தம் செய்து, எரிபொருள் விநியோகத்துக்கு இராணுவம் இறங்கும் அளவுக்கு நிலைமை போனது. கடைசியில் 2022 ஜனவரி 6ஆம் திகதி கணக்குப் பிரிந்தது: லங்கா ஐ.ஓ.சி.க்கு 14 குதங்கள், பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு 24, இரண்டும் சேர்ந்த ட்ரின்கோ பெற்றோலியம் டெர்மினல் நிறுவனத்துக்கு 61. அந்தக் கூட்டு நிறுவனத்தில் கூட்டுத்தாபனத்துக்கு 51 வீதம், லங்கா ஐ.ஓ.சி.க்கு 49 வீதம். குத்தகைக் காலம் 50 ஆண்டு. 2025 ஏப்ரலில் இந்தியா, இலங்கை, ஐக்கிய அரபு இராச்சியம் மூன்றும் சேர்ந்து திருகோணமலையை எரிசக்தி மையமாக்கவும் உடன்பட்டன.

பங்கு பிரியாத குடும்ப வீட்டுக்கு நடப்பதுதான் தேசத்தின் குதங்களுக்கும் நடந்தது. யாருக்கு எவ்வளவு என்று எழுதி முடிக்கும்வரை ஒருவரும் ஒரு ஓடுகூட மாற்றவில்லை.

யாருடைய குரல்?

வேற்றுமை ஒன்றும் உண்டு, அது முக்கியமானது. வீட்டு விலையைப் பற்றிப் பேசுகிறவர்கள் அயலவர்களும் உறவினர்களும். அவர்கள் பேச்சில் அந்தத் தெருவின் அறிவு இருக்கிறது. சோலைவரி எத்தனை வருடம் நிலுவை, கிணற்றில் உப்பு ஏறிவிட்டதா, எல்லை வேலி எங்கே நகர்ந்தது என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். குதங்களைப் பற்றிப் பேசியவர்கள் பெரும்பாலும் கொழும்பும் டில்லியும். சீனன்குடாவிலும் கப்பல்துறையிலும் குடியிருக்கிற சனத்துக்கு அந்தப் பேச்சில் ஆசனம் கிடைக்கவில்லை. வேலை எத்தனை, தண்ணீருக்கும் கடலுக்கும் என்ன ஆகும், மீன்பிடிக்கு என்ன வரம்பு என்ற கேள்விகள் தேசப்பற்று முழக்கத்துக்குள் அமுங்கிப்போயின.

வேறிடங்களின் பாடம்

இடிந்த வீட்டுக்குப் பெரிய விலை என்பது நம் ஊருக்கு மட்டும் உரியதல்ல. சான் பிரான்சிஸ்கோவில் குடியிருக்கவே முடியாத, 120 ஆண்டுக்கு மேற்பட்ட ஒரு மர வீடு 2022 ஜனவரியில் ஏறத்தாழ 20 லட்சம் டொலருக்கு விற்றது. அதுவும் காணிக்கான காசுதான். இதற்கு மறுதலையாக, இத்தாலியின் சிசிலித் தீவில் சம்புக்கா என்ற ஊர் 2019இல் கைவிடப்பட்ட வீடுகளை ஒரு யூரோ ஆரம்ப விலைக்கு முன்வைத்தது. வாங்குகிறவர் பிணைப்பணம் கட்டி மூன்று ஆண்டுக்குள் திருத்தி முடிக்க வேண்டும் என்பது நிபந்தனை. அந்த ஊர் விலையைக் குறைத்தது, கடமையைக் குறைக்கவில்லை. நம் வீட்டு விற்பனையில் அப்படி ஒரு கடமை கிடையாது. 2003 குத்தகைக்குப் பிறகும் மேல்பகுதிக் குதங்கள் பதினெட்டு ஆண்டுக்கு மேல் காட்டுக்குள் கிடந்தன. திருத்தும் கெடு இல்லாமல் கொடுத்தால் கூடிய விலையாலும் பயனில்லை, குறைந்த விலையாலும் பயனில்லை.

தீர்ப்பு

வீட்டு விலையைக் கேட்டு ஆத்திரப்படும்போது நாம் கட்டடத்தை மட்டும் பார்த்துக் காணியை மறக்கிறோம். குதங்களின் குத்தகையைக் கேட்டு ஆத்திரப்படும்போது இடத்தை மட்டும் பார்த்துத் திருத்தச் செலவை மறக்கிறோம். இரண்டுக்கும் ஒரே அளவு போதும்: காணிக்கு எவ்வளவு, நிற்கும் கட்டடத்துக்கு எவ்வளவு, திருத்த எவ்வளவு, உறுதியைத் தெளிவாக்க எவ்வளவு. இந்த நான்கையும் தனித்தனியே சொல்லாத எந்த விலையையும் நியாயம் என்றோ அநியாயம் என்றோ தீர்க்க முடியாது.

ஆகவே விற்கிறவர்களிடம் ஒரு வேண்டுகோள்: விலையைச் சொல்வதற்கு முன் பங்காளிகள் கூடிப் பேசி உறுதியைச் சரிசெய்யுங்கள். வாங்குகிறவர்கள் நொத்தாரிசையும் நில அளவையாளரையும் பார்த்த பின் பேரம் பேசுங்கள். அரசு, பொதுச் சொத்தைக் குத்தகைக்குக் கொடுக்கும் முன் விலைமதிப்புத் திணைக்களத்தின் மதிப்பீட்டையும் திருத்தும் கெடுவையும் மூன்று மொழிகளிலும் வெளியிட வேண்டும். திருகோணமலையில் குடியிருக்கிற நாம் அதைக் கேட்டு வாங்க வேண்டும். அது நம்முடைய உரிமை.