விலங்கு மிதவையுயிரிகள் (காவிரிக் கழிமுகக் கடலோரம்)

நீரோட்டத்தின் போக்கில் மிதந்து திரியும் சிறுவிலங்குகள். மீன்குஞ்சுகளின் முதல் இரை. துடுப்புக்காலிகளே பெரும்பான்மை. இறால், நண்டு, சிப்பி ஆகியவற்றின் இளவுயிரிகளும் இவற்றுள் அடங்கும்.

பருவமாற்றம்: ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் திருவிடைமருதூர் வட்டத்து அணைக்கரையைக் கடந்து வரும் கொள்ளிட வெள்ளம் கழிமுகத்தின் உப்பைக் குறைக்கிறது, மிதவையுயிரிகளும் குறைகின்றன. கோடையில் உப்பு ஏறியதும் மீண்டும் பெருகுகின்றன. வடக்கே பரங்கிப்பேட்டை வெள்ளாற்றுக் கழிமுகத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் ஆய்வாளர்கள் இதை நெடுங்காலமாகப் பதிந்துவருகின்றனர்.

மாதிரி எடுத்தல்: சுமார் 0.2 மி.மீ. கண்ணுள்ள கூம்பு வலையைப் படகின் பின்னே மெதுவாக இழுப்பர். வலைவாயில் உள்ள ஓட்டமானி, வடிந்த நீரைக் கணக்கிட உதவும். நுனிக் குப்பியில் சேர்ந்ததை 5% பார்மலினில் பதப்படுத்துவர். அதில் 1 மி.லி.யைக் கட்டமிட்ட கண்ணாடித் தட்டில் இட்டு, நுண்ணோக்கியில் எண்ணி, கன மீட்டருக்கு எத்தனை எனக் குறிப்பர்.